6-7(16), 7-6(5), 6-3: ஆடவர் இரட்டையர் முடிவுகளை எப்படிப் படிப்பது?

கேள்வி இதுதான்: ஆடவர் இரட்டையர் டென்னிஸ் முடிவுகளில் மூன்றாவது செட் இருக்க வேண்டிய இடத்தில் 10-7 என்று போட்டிருக்கிறார்களே, அது என்ன? முதல்நிலை ஜோடி முதல் சுற்றிலேயே வெளியேறுகிறது, யாரும் எதிர்பார்க்காத இருவர் கோப்பையைத் தூக்குகிறார்கள். இரட்டையர் ஆட்டம் வெறும் அதிர்ஷ்டம்தானா?

அதிர்ஷ்டம் இல்லை. ஆனால் ஒற்றையர் முடிவைப் பார்க்கிற அதே கண்ணோடு இதைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஒற்றையரில் யார் வென்றார் என்பதே பெரும்பாலும் போதுமான செய்தி. இரட்டையரில் அது பாதிச் செய்திதான். மீதி, அந்த எண்களுக்குள் இருக்கிறது.

முதலில் 10-7. ஆடவர் தொழில்முறை டென்னிஸ் அமைப்பான ஏடிபி நடத்தும் வழக்கமான தொடர்களில் இரட்டையருக்கு மூன்றாவது செட்டே கிடையாது. ஆளுக்கொரு செட் என்று ஆனதும் நேராக 10 புள்ளி டைபிரேக் (கேம் கணக்கு இல்லாமல் புள்ளிகளை மட்டும் எண்ணும் குறுகிய ஆட்டம்). முதலில் 10 புள்ளி எடுத்து, குறைந்தது 2 புள்ளி முன்னிலையில் இருப்பவர்களுக்கு ஆட்டம். இதை மேட்ச் டைபிரேக் என்பார்கள். முடிவுகளில் பெரும்பாலும் சதுர அடைப்புக்குறிக்குள் [10-7] என்று இருக்கும். 6-6 ஆன செட்டை முடிக்க ஆடும் சாதாரண டைபிரேக்கை வளைந்த அடைப்புக்குறிக்குள், தோற்றவர் எடுத்த புள்ளியை மட்டும் போட்டுக் குறிப்பார்கள். 7-6(5) என்றால் டைபிரேக் 7-5. 7-6(8) என்றால் 10-8. அடைப்புக்குறிக்குள் 5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் வென்றவர் 7 எடுத்திருக்கிறார், அதற்கு மேல் இருந்தால் இரண்டைக் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

கிராண்ட்ஸ்லாம் என்னும் நான்கு பெரிய தொடர்களில் (ஆஸ்திரேலிய ஓபன், பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன், அமெரிக்க ஓபன்) கதை வேறு. அங்கே ஆடவர் இரட்டையரில் மூன்றாவது செட்டை முழுதாக ஆடுவார்கள். 6-6 ஆனால்தான் 10 புள்ளி டைபிரேக் வரும். 2022 முதல் நான்கு கிராண்ட்ஸ்லாம்களிலும் கடைசி செட்டுக்கு இதுதான் நடைமுறை. அதனால் கிராண்ட்ஸ்லாமின் மூன்றாவது செட்டில் 7-6(5) என்று பார்த்தால் அது 7-5 அல்ல, 10-5. முன்பு விம்பிள்டன் மட்டும் ஆடவர் இரட்டையரை ஐந்து செட் ஆட்டமாக வைத்திருந்தது. 2023 முதல் அங்கேயும் மூன்று செட்தான். பழைய விம்பிள்டன் முடிவுகளோடு இன்றைய முடிவுகளை ஒப்பிடும்போது இதை மறந்துவிடக் கூடாது.

முடிவுப் பட்டியலில் தெரியாத இன்னொரு விதியும் இருக்கிறது. ஏடிபி தொடர்களின் இரட்டையரில் டியூஸ், அட்வான்டேஜ் என்று (40-40-க்குப் பிறகு இரண்டு புள்ளி முன்னிலை வரும்வரை) இழுப்பதில்லை. 40-40 வந்தால் ஒரே ஒரு புள்ளி, அதை எடுத்தவருக்கு கேம். எந்தப் பக்கத்தில் சர்வீஸை வாங்குவது என்று எதிர் ஜோடி தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அதாவது இருவரில் யாருடைய ரிட்டர்ன் அன்றைக்கு நன்றாக இருக்கிறதோ அவரை நிறுத்தலாம். கிராண்ட்ஸ்லாமின் ஆடவர் இரட்டையரில் இது இல்லை, பழையபடி அட்வான்டேஜ்தான்.

இந்த இரண்டு மாற்றங்களும் 2006-இல் நடைமுறைக்கு வந்தவை. அதற்கு முந்தைய ஆண்டு நடந்தது பெரிய சண்டை. ஆட்டங்களைச் சுருக்க வேண்டும், ஒற்றையர் நட்சத்திரங்களை இரட்டையருக்குள் இழுக்க வேண்டும் என்று ஏடிபி ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஒரு செட்டுக்கு ஐந்து கேம், இரட்டையரில் பெரும்பாலான இடங்கள் ஒற்றையர் ஆடுபவர்களுக்கே என்றெல்லாம் அதில் இருந்தது. இரட்டையரை மட்டுமே நம்பிப் பிழைத்த வீரர்கள் சும்மா இருப்பார்களா? வழக்குப் போட்டார்கள். அமெரிக்காவின் புகழ்பெற்ற ஜோடியான பிரையன் சகோதரர்களும் அதில் சேர்ந்தார்கள். கடைசியில் சமரசமாக வந்ததுதான் இந்த ஒற்றைப் புள்ளி கேமும் மேட்ச் டைபிரேக்கும். ஆட்ட நேரம் ஓரளவு கணிக்கக்கூடியதாக ஆனது, தொலைக்காட்சிக்கும் மைதான அட்டவணைக்கும் வசதி. ஆனால் ஒவ்வொரு புள்ளியின் எடையும் கூடிவிட்டது. உங்கள் சந்தேகத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சர்வீஸால் வரும் ஏற்ற இறக்கத்தை ஒதுக்கிவிட்டு, ஒரு ஜோடி 100 புள்ளிகளில் 52-ஐ வெல்லும் அளவுக்குச் சற்றே உசத்தி என்று வைத்துக்கொள்வோம். டியூஸோடு ஆடும் முழு செட் ஒன்றை அந்த ஜோடி நூற்றுக்கு 63 முறை போல வெல்லும். டியூஸை எடுத்துவிட்டால் 62-க்கு அருகில் வரும். மேட்ச் டைபிரேக்கில் ஏறத்தாழ 57. மூன்றாவது செட்டுக்குப் பதில் மேட்ச் டைபிரேக் வைத்ததில்தான் பலமான ஜோடி நிறைய இழக்கிறது. டியூஸ் போனதால் போனது கொஞ்சம்தான். 57-க்கு 43 என்பது அதிர்ஷ்டம் அல்ல. ஆனால் ஒரே வாரத்தில் இரண்டு மூன்று ஆட்டங்கள் மேட்ச் டைபிரேக்குக்குப் போனால், உசத்தியான ஜோடி எங்காவது ஓரிடத்தில் சறுக்க நிறையவே வாய்ப்பிருக்கிறது.

இதோடு இரட்டையரின் இயல்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் சர்வீஸ் போடும்போதே அவருடைய துணை வலைக்கு அருகில் காத்திருக்கிறார். கொஞ்சம் உயரமாகவோ நடுவிலோ ரிட்டர்ன் வந்தால் குறுக்கே பாய்ந்து முடித்துவிடுவார். எனவே சர்வீஸ் போடும் பக்கத்துக்குச் சாதகம் அதிகம், பிரேக் (எதிராளி சர்வீஸ் போடும் கேமை வெல்வது) அரிது. 6-4 என்று முடிந்த ஒரு செட்டில் பல சமயம் ஒரே ஒரு பிரேக்தான் இருக்கும். ஏடிபி தொடராக இருந்தால் அந்த ஒரு பிரேக்கும் 40-40-இல் விழுந்த ஒற்றைப் புள்ளியாக இருந்திருக்கலாம். வெறும் எண்ணைப் பார்ப்பவருக்கு 6-4 தெளிவான வெற்றி மாதிரி தெரியும். களத்தில் அது ஒரு ரிட்டர்ன்.

இப்போது உண்மையான சில முடிவுகளை எடுத்துப் பார்க்கலாம். 2024 ஹாங்ஜோ ஓபன் இறுதி: ஜீவன் நெடுஞ்செழியனும் விஜய் சுந்தர் பிரசாந்தும் ஜெர்மனியின் கான்ஸ்டன்டின் ஃபிரான்ட்சன், ஹென்ட்ரிக் யெபன்ஸ் ஜோடியை 4-6, 7-6(5), [10-7] என்று வென்றார்கள். முதல் இரண்டு செட்களின் கேம்களைக் கூட்டுங்கள். வென்றவர்கள் 11, தோற்றவர்கள் 12. கேம் கணக்கில் பின்தங்கிய ஜோடிதான் பட்டத்தை எடுத்திருக்கிறது. முறைப்படி, நியாயமாக வென்ற பட்டம்தான், அதில் சந்தேகமே இல்லை. நெருக்கடியான இரண்டு டைபிரேக்குகளையும் அவர்கள்தான் எடுத்தார்கள் என்பதே அந்த முடிவு சொல்லும் செய்தி.

2024 பாரிஸ் ஒலிம்பிக் இறுதியும் இதே மாதிரிதான். ஆஸ்திரேலியாவின் மேத்யூ எப்டனும் ஜான் பியர்ஸும் அமெரிக்காவின் ஆஸ்டின் கிராஜிசெக், ராஜீவ் ராம் ஜோடியை 6-7(6), 7-6(1), [10-8] என்று வென்றார்கள். ஆளுக்கு 13 கேம். தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவே கடைசி டைபிரேக்கின் இரண்டு புள்ளிகள்.

கிராண்ட்ஸ்லாமில் முழு செட் ஆடினாலும் இடைவெளி பெரிதாகிவிடுவதில்லை. 2025-இல் பிரெஞ்சு ஓபன் இறுதியிலும் அமெரிக்க ஓபன் இறுதியிலும் மோதியவர்கள் அதே நால்வர்: ஒரு பக்கம் ஸ்பெயினின் மார்செல் கிரனோயர்ஸ், அர்ஜென்டினாவின் ஹொராசியோ செபாலோஸ், எதிர்ப்பக்கம் பிரிட்டனின் ஜோ சாலிஸ்பரி, நீல் ஸ்கப்ஸ்கி. பாரிஸில் 6-0, 6-7(5), 7-5. நியூயார்க்கில் 3-6, 7-6(4), 7-5. இரண்டிலும் கிரனோயர்ஸ், செபாலோஸ் வென்றார்கள், இரண்டிலும் மூன்றாவது செட் 7-5. நியூயார்க் முடிவில் கேம்களைக் கூட்டினால் 17-17. அந்த ஆட்டத்தில் வென்ற ஜோடி எதிரணியின் மூன்று மேட்ச் பாயிண்ட்களை (இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் ஆட்டமே அவர்களுக்கு என்ற நிலை) தாண்டி வந்திருந்தது. பட்டியலில் ஒரு பக்கம் இரண்டு கிராண்ட்ஸ்லாம், மறுபக்கம் பூஜ்யம். அவ்வளவு வித்தியாசம் அந்த நால்வருக்கும் இடையில் உண்மையில் இருந்ததா என்றால், எனக்குத் தோன்றவில்லை. வென்ற ஜோடியின் பழைய கதையும் இப்படித்தான். கிரனோயர்ஸும் செபாலோஸும் அதற்கு முன் 2019 அமெரிக்க ஓபன், 2021 விம்பிள்டன், 2023 விம்பிள்டன் என்று மூன்று இறுதிகளில் தோற்றவர்கள்.

தலைப்பில் இருக்கும் முடிவு 2025 ஆஸ்திரேலிய ஓபன் இறுதியுடையது. பின்லாந்தின் ஹாரி ஹெலியோவாராவும் பிரிட்டனின் ஹென்றி பேட்டனும் இத்தாலியின் சிமோன் பொலெல்லி, ஆண்ட்ரியா வவசோரி ஜோடியை வென்ற ஆட்டம். முதல் செட் டைபிரேக் 18-16, ஒரே டைபிரேக்கில் 34 புள்ளிகள். அதை இழந்த பிறகும் ஹெலியோவாரா ஜோடி உட்கார்ந்துவிடவில்லை. ஆறு மாதம் முன்னால், 2024 விம்பிள்டன் இறுதியிலும் இவர்கள் முதல் செட் டைபிரேக்கை இழந்தார்கள். ஆஸ்திரேலியாவின் மேக்ஸ் பர்செல், ஜோர்டான் தாம்சன் ஜோடிக்கு எதிராக மூன்று சாம்பியன்ஷிப் பாயிண்ட்களைக் காப்பாற்றி 6-7(7), 7-6(8), 7-6(9) என்று வென்றார்கள். அப்போது இவர்கள் தரநிலை பெறாத ஜோடி, அதாவது தொடருக்கு முன்பே பலமானவர்கள் என்று எண் கொடுக்கப்பட்ட ஜோடிகளில் ஒன்று அல்ல. (பேட்டன் வீரராவதற்கு முன் அதே விம்பிள்டனில் ஆட்டப் புள்ளிவிவரங்களைப் பதிவு செய்யும் வேலை பார்த்தவர். இந்த எண்களை எல்லாம் இன்னொருவர் தட்டச்சு செய்வதைப் பார்க்க அவருக்கு எப்படி இருந்திருக்குமோ.) 2024-இல் "யார் இவர்கள்?" என்று கேட்டவர்கள் இருந்தார்கள். ஒரே வகை நெருக்கடியை இரண்டாம் முறையும் தாண்டிய பிறகு அதை அதிர்ஷ்டம் என்று ஒதுக்க முடியாது.

அந்த விம்பிள்டனில் தோற்ற பர்செலும் தாம்சனும் என்ன ஆனார்கள்? இரண்டு மாதம் கழித்து அமெரிக்க ஓபனை வென்றார்கள், 6-4, 7-6(4). இரட்டையரில் "தோற்ற ஜோடி" என்ற முத்திரையை அவசரப்பட்டுக் குத்தக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். பொலெல்லி, வவசோரி ஜோடியையே பாருங்கள். 2024 ஆஸ்திரேலிய ஓபன், 2024 பிரெஞ்சு ஓபன், 2025 ஆஸ்திரேலிய ஓபன் என மூன்று இறுதிகள், மூன்றிலும் தோல்வி. சாம்பியன்கள் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு இப்படி ஒரு ஜோடி இருப்பதே தெரியாது. 64 ஜோடிகள் இறங்கும் தொடரில் ஐந்து ஆட்டங்களை வென்றால்தான் இறுதிக்கே வர முடியும். அதை மூன்று முறை செய்தவர்கள் எந்த அளவுகோலிலும் உலகின் மிகச் சிறந்த ஜோடிகளில் ஒன்று.

அந்த 2024 ஆஸ்திரேலிய ஓபன் இறுதிதான் ரோஹன் போபண்ணாவும் எப்டனும் 7-6(0), 7-5 என்று வென்றது. 7-6(0) என்பதைக் கவனியுங்கள். பன்னிரண்டு கேம்களில் பிரிக்க முடியாத இரண்டு ஜோடிகள், அப்புறம் டைபிரேக்கில் தொடர்ந்து ஏழு புள்ளி ஒரே பக்கம். போபண்ணாவுக்கு அப்போது வயது 43, ஓபன் காலத்தில் (தொழில்முறை வீரர்களும் கிராண்ட்ஸ்லாமில் ஆடத் தொடங்கிய 1968 முதல்) ஆடவர் இரட்டையர் கிராண்ட்ஸ்லாம் வென்ற மூத்த வீரர் அவர்தான். அதே தொடரில் அரையிறுதிக்கு வந்தபோதே உலகின் முதலிடமும் உறுதியாகிவிட்டது. இரட்டையரில் இந்த வயது சாத்தியமாவதற்குக் காரணம் உண்டு. மைதானத்தில் ஓட வேண்டிய பரப்பு பாதியாகிறது, புள்ளிகள் குறுகியவை, சர்வீஸும் கையின் நுணுக்கமும் அனுபவமும் காலைவிட அதிகம் பேசுகின்றன.

சரி, வைல்ட் கார்டில் (தரவரிசை போதாவிட்டாலும் தொடர் நடத்துபவர்கள் கொடுக்கும் இடம்) வந்தவர்கள் எப்படி வெல்கிறார்கள்? இதுதான் உங்களைப் போல பலரையும் குழப்புவது. 2012 விம்பிள்டனில் ஜொனாதன் மாரே, ஃபிரெடரிக் நீல்சன் என்ற இருவர் வைல்ட் கார்டில் நுழைந்து, அரையிறுதியில் பிரையன் சகோதரர்களை வெளியேற்றி, இறுதியில் ராபர்ட் லிண்ட்ஸ்டெட், ஹோரியா டெகாவ் ஜோடியை 4-6, 6-4, 7-6(5), 6-7(5), 6-3 என்று ஐந்து செட்டில் வென்றார்கள். வைல்ட் கார்டில் வந்து விம்பிள்டன் இரட்டையரை வென்ற முதல் ஜோடி. 2022 ஆஸ்திரேலிய ஓபனை நிக் கிர்கியோஸும் தனாசி கோக்கினாகிஸும் வென்றார்கள். அடுத்த ஆண்டே அங்கே இன்னொரு வைல்ட் கார்ட் ஜோடி, ரிங்கி ஹிஜிகாட்டாவும் ஜேசன் குப்ளரும்.

இதில் மாயம் எதுவும் இல்லை. இரட்டையரில் தரநிலை கொடுப்பது இருவருடைய இரட்டையர் தரவரிசை எண்களையும் கூட்டித்தான். 5-ஆம் இடத்தவரும் 9-ஆம் இடத்தவரும் சேர்ந்தால் 14. கூட்டுத்தொகை எவ்வளவு குறைவோ அவ்வளவு மேலே. கிர்கியோஸ் மாதிரி ஒற்றையரையே முக்கியமாக ஆடும் ஒருவருக்கு இரட்டையர் தரவரிசை கீழே கிடக்கும், ஆனால் அவருடைய சர்வீஸ் கீழே கிடக்காது. இதை மறந்துவிட்டு தரநிலையை மட்டும் பார்த்தால் அதிர்ச்சித் தோல்வி என்று தோன்றும். நடால் ஒற்றையரில் உச்சத்தில் இருந்த நாட்களில் மார்க் லோபசோடு சேர்ந்து 2010, 2012 இந்தியன் வெல்ஸ் இரட்டையர் பட்டங்களை எடுத்தார், 2016 ரியோவில் ஒலிம்பிக் தங்கமும் எடுத்தார். அவர் இரட்டையருக்கு வாரங்களை ஒதுக்கியது குறைவு, அவ்வளவுதான். எனவே ஒரு டிராவைப் பார்க்கும்போது தரநிலை எண்ணுக்குப் பக்கத்தில் அந்த ஜோடியில் ஒற்றையர் வீரர் யாராவது இருக்கிறாரா என்றும் பாருங்கள்.

அதே ஒற்றையர் வீரர்களால் இன்னொரு விளைவும் உண்டு. ஒற்றையரில் நீண்ட ஆட்டம் ஆடிய களைப்பு, சின்னக் காயம், அடுத்த வாரப் பயணம் என்று இரட்டையரிலிருந்து விலகுவார்கள். ஜோடியில் ஒருவர் விலகினால் இருவரும் வெளியே. அதனால் இரட்டையர் பட்டியலில் வாக்ஓவரும் (எதிரணி விலகியதால் ஆடாமலே கிடைக்கும் வெற்றி), கடைசி நேரத்தில் மாற்று ஜோடியாக உள்ளே வந்தவர்களும் சகஜம். ஒரு ஜோடி அரையிறுதிக்கு வந்திருந்தால், வரும் வழியில் வாக்ஓவர் கிடைத்ததா என்று ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது.

இவ்வளவு நெருக்கமான ஆட்டத்தில் யாராலும் நீண்ட காலம் ஆதிக்கம் செலுத்த முடியாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பாப் பிரையன், மைக் பிரையன் இரட்டையர்கள் (பிறப்பிலும் இரட்டையர்கள்தான்) சேர்ந்து வென்ற பட்டங்கள் 119, அதில் கிராண்ட்ஸ்லாம் 16. 2006-இல் விதி மாறிய பிறகும் அவர்கள் வென்றுகொண்டேதான் இருந்தார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக் தங்கத்தோடு 2013 விம்பிள்டன் முடிந்தபோது நான்கு கிராண்ட்ஸ்லாம்களும் ஒரே நேரத்தில் அவர்கள் கையில் இருந்தன. அதிர்ஷ்ட ஆட்டத்தில் இது நடக்காது. ஒருவர் இடக்கை, ஒருவர் வலக்கை. வாழ்நாள் முழுக்கச் சேர்ந்தே ஆடியவர்கள். துணை எங்கே நகர்வார் என்று திரும்பிப் பார்க்காமலே தெரியும். நெருக்கடியான புள்ளியில் அந்தப் பழக்கம் கொடுக்கும் சின்ன முன்னிலைதான் பட்டங்களாகக் குவிந்தது. இந்திய ரசிகர்களுக்கு நினைவிருக்கும், 1999-இல் லியாண்டர் பயஸும் மகேஷ் பூபதியும் நான்கு கிராண்ட்ஸ்லாம் இறுதிகளுக்கும் போனார்கள், பிரெஞ்சு ஓபனையும் விம்பிள்டனையும் வென்றார்கள். அந்த ஆண்டு அவர்களுக்கும் அடிப்படை அந்தப் புரிதல்தான்.

எனவே ஒரு ஜோடியை எடைபோட ஒரு வாரத்து முடிவு போதாது. ஆறேழு தொடர்களை எடுத்து அவர்களுடைய வெற்றிகளைப் பிரித்துப் பாருங்கள். 6-3, 6-4 என்று நேர் செட்டில் வருபவை எத்தனை, மேட்ச் டைபிரேக்கில் தப்பியவை எத்தனை? நேர் செட் வெற்றிகள் அதிகமென்றால் அந்த ஜோடி உண்மையிலேயே மேலே இருக்கிறது, இடையில் வரும் ஒரு [8-10] தோல்வியை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். வெற்றிகளில் பெரும்பாலானவை [10-8], [11-9] என்றே இருந்தால், அந்த ஓட்டம் அதே வேகத்தில் தொடரும் என்று பணயம் வைக்கவும் மாட்டேன்.

அப்புறம், எந்த இருவர் என்பதையும் சரிபாருங்கள். தொடரை வெல்லும் ஜோடிக்கான தரவரிசைப் புள்ளிகள் பாதியாகப் பிரிவதில்லை. கிராண்ட்ஸ்லாமின் 2000 புள்ளிகளும் ஒவ்வொருவருக்கும் முழுதாகக் கிடைக்கும் (பரிசுத்தொகைதான் ஜோடிக்கு என்று அறிவித்து இருவரும் பகிர்ந்துகொள்வது). புள்ளிகள் ஆளோடு போவதால் துணையை மாற்றுவது எளிது, சீசன் முடிவில் ஜோடிகள் கலைந்து சேர்வது வழக்கம். 2012-இல் மாரே, நீல்சனிடம் தோற்ற லிண்ட்ஸ்டெட்டும் டெகாவும் அதற்கு முந்தைய இரண்டு விம்பிள்டன் இறுதிகளிலும் தோற்றவர்கள், தொடர்ந்து மூன்று. பிறகு பிரிந்தார்கள். லிண்ட்ஸ்டெட் 2014 ஆஸ்திரேலிய ஓபனை லூகாஸ் குபோட்டோடு சேர்ந்து வென்றார். டெகாவ் 2015-இல் ஜான் ஜூலியன் ரோஜரோடு வந்து அதே விம்பிள்டனை எடுத்தார்.